நாலு பாட்டில் காளான் பொடி

நாலாவது பாட்டிலின் மூடியை இறுக்கி மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். போர்வைக்குள் உட்கார்ந்திருந்த என் கணவர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நேராக விரலை நீட்டி எண்ணினார். நாலை எண்ண விரல் எதற்கு என்று கேட்கலாம். அவர் முப்பத்தோரு வருஷம் மருந்துக் கிடங்கில் சரக்குப் பொறுப்பில் இருந்தவர். கண்ணால் எண்ணுவதை எண்ணிக்கையிலேயே சேர்க்க மாட்டார். அங்கே அவருக்கு ‘தேதி’ என்றே பெயர். காலாவதியான ஒரு பெட்டிகூடத் தன் கையைத் தாண்டிப் போனதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

“ஏன் நாலு?” என்றார். தொண்டையில் கட்டி வந்த பிறகு அவருக்குக் குரல் கிடையாது, வெறும் காற்றுதான். குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாலு என்று நான் திட்டம் போடவில்லை. கடையில் காளானை அள்ளிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தினேன், அவ்வளவுதான். ஒரு பாட்டில் ஒரு மாதத்துக்கு வரும். மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நாலு என்று டாக்டர் கதவைச் சாத்திவிட்டு என்னிடமும் நாத்தனாரிடமும் சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணனுக்குத் தெரியவே கூடாது என்று நாத்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாயைக் கட்டிப்போட்டேன். கையைக் கட்டத் தெரியவில்லை.

“கடையில நல்லதா கிடைக்கலைங்க” என்றேன். அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் காளான் ஆகாது. வெந்தால் மழையில் ஊறிய சுவரின் வாசனை வரும், குடலைப் புரட்டும். அவருக்கோ அது உயிர். விடுமுறை நாளில் தானே நறுக்கி வதக்குவார், நான் அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில் பாதி அந்த வாணலியைக் கழுவப்போவது யார் என்பதுதான். இப்போது உப்பு எரிகிறது, காரம் எரிகிறது, எதுவும் இறங்குவதில்லை. கஞ்சியில் ஒரு கரண்டி காளான் பொடி கலந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். அதனால்தான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இந்த வேலையில் இறங்கினேன்.

மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்ட கொடுத்துவைத்தவள் நான். அந்தக் குறையை அவர் நாற்காலியில் இருந்தபடியே தீர்த்துவைத்தார். காளானைக் கழுவக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஒடித்தால் சத்தம் வரும்வரை காயவைக்க வேண்டும், வளைந்தால் காயவில்லை. நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். பெரிய ஜாடி கூடாது, தினமும் திறந்தால் மொத்தமும் காற்றுப்பட்டுப் போய்விடும், சின்னச் சின்ன பாட்டிலாக, கழுத்துவரை நிரப்ப வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது. கொதிக்கிற கஞ்சிக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டவே கூடாது, ஆவி உள்ளே போனால் கட்டி தட்டிவிடும். உலர்ந்த கரண்டியால் எடுத்து உடனே மூட வேண்டும். இத்தனையும் மூச்சுவாங்க மூச்சுவாங்கச் சொன்னார். மருந்துக்கு வாய் திறக்காத மனுஷன்.

அந்த ‘ஏன் நாலு’ என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தபோதே போய் ஒரு கூடை நிறைய வாங்கிவந்தேன். மழைநாளில் எது காயும்? தட்டுத்தட்டாக மின்சார ஓவனுக்குள் வைத்து எடுத்தேன். இரண்டு நாள் வீடு முழுக்க அந்த ஈரச்சுவர் வாசனை. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல். எட்டு பாட்டில் நிறைந்தது. ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒரு வருஷத்துக்கு வரும். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வரிசையாக வைத்தபோது பரீட்சையில் பார்த்து எழுதியவளைப் போல எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பார்க்க வந்திருந்த நாத்தனார் வாயைப் பிளந்தாள். “அண்ணி சமைச்சா பாத்திரத்துல பருக்கை மிஞ்சாது, அளவு அப்படி. கடைக்கே கொடுக்கற மாதிரி பண்ணி வச்சிருக்காங்களே” என்று கேலி செய்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் ஏதோ தட்டியது. காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அவர் புதிய பாட்டில் ஒன்றை எடுத்துச் சாய்த்தார். பொடி ஓடவில்லை. ஒரு பக்கமாக அப்பிக்கொண்டு நின்றது.

“சூடா அரைச்சியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“என்ன அவசரம்? யார் துரத்தறா?”

நான் பாட்டில்களைத் தட்டில் கொட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். நாத்தனார் பொங்குகிற பாலைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. எட்டு பாட்டில் பொடியையும் பரப்பி, மறுபடி உலர்த்தி, ஆறவைத்து, சலித்து, பாட்டில்களையும் காயவைத்து நிரப்பி முடிக்கும்போது மறுநாள் மத்தியானம். நாத்தனார் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள்.

அவர் பேனாவும் காகிதமும் கேட்டார். அவர் கை நடுங்குகிறது என்பதால் நான் எழுதினேன். செய்த தேதி, அதற்குக் கீழே எதுவரை நன்றாக இருக்கும் என்ற தேதி. சரியாக ஒரு வருஷம் தள்ளிச் சொன்னார். அடுத்த வருஷத்தை எழுதும்போது என் எழுத்து கோணிக்கொண்டு போனது. அவர் பார்த்தார், திருத்தச் சொல்லவில்லை. பன்னிரண்டு பாட்டிலிலும் ஒட்டி முடித்து அலமாரியில் அடுக்கப்போனேன்.

“இரு” என்று எழுந்து வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, நாலு பாட்டிலை மேல்தட்டில் வைத்தார். மீதி எட்டையும் ஒவ்வொன்றாகக் கீழ்த்தட்டுக்குத் தள்ளினார். கீழ்த்தட்டு நான் மட்டும் புழங்குகிற தட்டு. என் காப்பித்தூள், என் ஊறுகாய், என் முழங்கால் தைலம்.

“இது எதுக்கு இங்க?” என்றேன்.

“உன்னுது.”

“எனக்குத்தான் ஆகாதே.”

“ஆக்கிக்கணும்.” சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். “வச்ச சரக்கு வீணாகக் கூடாது. தேதிக்குள்ள தீர்த்துடு.”

நான் அண்டமே இடிந்தாலும் அசையாத முகத்தை வைத்துக்கொண்டு, ஏதோ சொல்ல வேண்டும் என்று, கடையில் அன்றைக்கு நல்லது கிடைக்காததால்தான் நாலோடு நிறுத்தினேன் என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். நான் காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

“உன் கைக்கு அளவு தப்பாது. நாலைப் பார்த்த முதல் நாளே தெரிஞ்சுடுச்சு.”

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தாங்க வேண்டியிருக்கும், அவரால் முடியாது. எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர்மேல், நாத்தனார்மேல், என் பாழாய்ப்போன கைமேல்.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் பங்குக்கு மேல்தட்டிலிருந்து ஒரு கரண்டி கலந்தேன். அவர் குடிக்கவில்லை. கீழ்த்தட்டைக் காட்டினார். நான் இன்னொரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டேன். ஈரமில்லாத கரண்டியா என்று துணியால் ஒருமுறை துடைத்து, எட்டில் ஒன்றைத் திறந்து, அரைக் கரண்டி எடுத்தேன். போதாது என்று விரலால் காட்டினார். நிறைய எடுத்தேன். கஞ்சியில் கலந்து முதல் வாய் வைத்ததும் தொண்டை வேண்டாம் என்று மூடிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் தன் கிண்ணத்தைப் பிடித்தபடி நான் விழுங்குகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு, நான் திறந்தபடியே விட்டிருந்த பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திருகினார். கை வழுக்கியது. போர்வை முனையால் மூடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகினார்.