ஐந்து ரிவர்ஸ் கியர்

முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். லாரி பின்னால் போனது.

பதறிப்போய் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது.

புது வேலை முடிந்த வண்டி என்று சக்கரங்களுக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்கள் நான்கும் கீறல் படாமல் கிடந்தன. நசுங்கியவை வேறு: மூன்று வாழைக்கன்று, துணி துவைக்கிற கல், கற்பூரம் ஏற்ற வந்த பக்கத்து வீட்டுப் பக்கிரி மாமாவின் மொபெட்.

என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்; அப்படி மாட்டினால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். எப்படித் திருப்பினாலும் போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போகும். அது என் குற்றமில்லை. மேல் எது, கீழ் எது என்று பார்க்காததுதான் என் குற்றம். ஆக, ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் உள்ள லாரியை எங்கள் ஊரான உறுவையாற்றில் உருவாக்கிய முதல் ஆள் நான்தான்.

"வில்லியனூர் போவணும்னா அதுக்கு முதுக காட்டி நிறுத்துப்பா, தானா போய்டும்" என்றார் மாமா. மொபெட்டின் முன்சக்கரம் எட்டு வடிவத்தில் இருந்தது. பேச அவருக்கு உரிமை உண்டு.

லாரி என் அக்கா தனக்கொடியுடையது. எழுபத்து மூன்றாம் வருடத்து வண்டி. எனக்கு ஒரு வயது மூத்தது. அக்காவே ஓட்டுவாள். பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகளை விழுப்புரத்து மாட்டுப்பண்ணைக்குக் கொண்டுபோவாள். வேகம் நாற்பதைத் தாண்டினால் என்ஜின் அலறும். நாலுவழிச் சாலை வந்த பிறகு, பண்ணைக்காரர் ஒரு நாளைக்கு இரண்டு நடை கேட்டார். முடியாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வாராம். பழைய இரும்பு எடுக்கும் அருள்தாஸை அக்கா திங்கட்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

வேகத்தை நான் கூட்டித் தரட்டுமா என்று ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாவியைத் தூக்கிப் போட்டாள். நேரான பதில் என்பது அக்காவிடம் கிடையாது.

என்ஜினில் குறையில்லை. அது ஏழு சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சுமையோடு மேடு ஏறுவதற்காகப் பல் வெட்டிய வண்டி. ஐந்துக்கும் குறைவான சுற்றே போதும் என்கிற டிஃபரன்ஷியல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, நொறுங்கிப்போன ஒரு புது லாரியின் ஐந்து கியர் பெட்டியை வைத்தேன். அது நீளம் கூடுதல். அதனால் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குறைத்தேன். பிரேக்கும் புதிது. நான் வேகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அக்கா கேட்டது ஒன்றுதான்: "நிக்குமா?"

வண்டி பின்னால் போன அன்று அக்கா வெளியே வந்து வாழைக்கன்றுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"ஊறுகா போடலாம்" என்று சொல்லிவிட்டு, கீழே விழுந்திருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அன்று வியாழக்கிழமை. டிஃபரன்ஷியலை இறக்கி, மேல் பக்கத்தில் சுண்ணாம்பால் 'மேலே' என்று எழுதி, திருப்பி மாட்டினேன். மொபெட் சக்கரத்தையும் நிமிர்த்தினேன். ஞாயிறு மாலை வரை வேலை இருந்தது.

திங்கள் காலை வைக்கோல் ஏற்றிக்கொண்டு, புதிதாக நாலு பழம் வைத்து, அக்கா முதல் கியரைப் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழங்கள் நசுங்குகிற சத்தம் கேட்டது. அத்தனை இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

நாலுவழிச் சாலையில் ஐந்தாவது கியர் விழுந்தது. என்ஜின் அலறவில்லை; முணுமுணுத்தது. என் செல்போன் வேகம் எழுபத்து இரண்டு என்று காட்டியது. இத்தனை வருடம் எங்களை ஹார்ன்கூட அடிக்காமல் தாண்டிப்போன டவுன் பஸ்ஸை நாங்கள் தாண்டினோம். கண்டக்டர் படிக்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். எனக்குச் சட்டை கொஞ்சம் இறுக்கமானதுபோல் இருந்தது.

எப்படி இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாள்.

பண்ணை வாசலில், அவள் நினைத்த இடத்தில் வண்டி நின்றது. பகலுக்குள் இரண்டாம் நடையும் இறக்கியாயிற்று. அருள்தாஸுக்கு போன் போட்டு, வண்டி தருவதாக இல்லை என்று சொன்னாள். டீக்கடையில் நிறுத்தியதும் நான்கு நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கி பின்னாடி போச்சே. அதுக்கப்பறமும் ஏன்க்கா சாவிய எங்கிட்டயே குடுத்த?"

டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். கண்ணாடியைத் துடைக்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒனக்கு அப்ப எட்டு வயசு. பசங்களோட சேந்து என் சைக்கிள வாய்க்கால்ல வுட்டீங்க. அல்லாரும் ஓடிட்டானுங்க. நீ ஒருத்தன்தான் அத தூக்கிக்கினு வூட்டுக்கு வந்த. மூணு நாளு ஒக்காந்து கம்பி கம்பியா நிமுத்தின. கோணிக்கினுதான்டா ஓடுச்சி. ஆனா பத்தாவது முடிக்கிற வரிக்கும் நான் அதுலதான் போனேன்."