வரிசையில் நிற்கும் கரடி

ஆர்விட் லிண்டால் துணிந்து வேலையை விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் விடவில்லை, வாய் தவறி விழுந்துவிட்டார் என்பது அவர் மனைவி மார்லிஸுக்கு மட்டும்தான் தெரியும்.

மினசோட்டாவின் வடக்கே ஏரிகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில், டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் கவுண்டரில் இருபது வருடங்களுக்கும் மேலாக உட்கார்ந்திருந்தவர் அவர். கண் பார்வையைச் சோதிப்பார், போட்டோ எடுப்பார், "அடுத்தவங்க" என்பார். மற்ற நேரமெல்லாம் எதிரே நிற்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமைகளில் கொட்டகையில் மோட்டார் ரம்பத்தால் பைன் கட்டைகளை அறுத்துக் கரடி செய்வார். நெடுஞ்சாலையில் போகிற சுற்றுலாக்காரர்கள் நிறுத்தி வாங்கிப் போவார்கள்.

"கரடியெல்லாம் சும்மா கை பழகத்தான்," என்பார் மார்லிஸிடம். "காத்துக்கிட்டு நிக்கிற ஒரு ஆளைச் செதுக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

அந்த ஊரில் எதையும் முதல் தடவையிலேயே ஒத்துக்கொள்வது மரியாதையில்லை. காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, சரி, அரைக் கப் என்று இறங்கி வரலாம். அதே மாதிரி, ஒருவர் கிளம்புகிறேன் என்றால் மற்றவர் மூன்று தடவையாவது தடுக்க வேண்டும்.

புதிதாக வந்த அதிகாரி ப்ரென்னா அரிசோனாக்காரி. அவளுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தருவது? வெள்ளிக்கிழமை மட்டும் லீவு கேட்கத்தான் ஆர்விட் அவள் அறைக்குப் போனார். நேரடியாகக் கேட்பது அநாகரிகம் என்பதால் சுற்றி வளைத்தார்.

"பேசாம வேலையை விட்டுட்டு முழுநேரமா மரம் செதுக்கப் போயிடலாமான்னு பாக்கறேன்."

ஐயையோ, நீங்க இல்லாம எப்படி, என்று அவள் பதற வேண்டிய இடம் அது. அவளோ எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஆர்விட்! எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்? மனசு சொல்றதைக் கேளுங்க!" கண் கலங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் கேக் வந்துவிட்டது.

"சும்மா சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மார்லிஸ் வீட்டில்.

"கேக் வாங்கிட்டாங்க, மார்லிஸ்."

"கேக்குக்காகவா வேலையை விட்ட?"

"அதுல என் பேரு எழுதியிருந்துச்சு. வேற யாருக்கு விப்பாங்க?"

மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் அரைநாள் வேலையை முழுநாளாக்கிக்கொண்டாள். வேலையோடு வரும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் அந்த நாட்டில் பல் வலிகூட வரக் கூடாது. மனம் சொல்வதைக் கேட்டவர் அவர். முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்தவள் இவள்.

ஊர் அவரைக் கொண்டாடியது. தேவாலயத்தில் காபி நேரத்தில் ஆண்கள் அவரைத் தனியே ஓரங்கட்டி ரகசியம் சொன்னார்கள். பல் டாக்டர் கவிதை எழுதுகிறாராம். வங்கி மேனேஜருக்கு அக்கார்டியன் வாசிப்பதென்றால் உயிராம். பாதிரியார், இளைஞர்களுக்குத் 'துணிவு' பற்றிப் பேச வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். ஆகவே ஆர்விட் பேசினார். கேட்டுவிட்டு அக்கார்டியன்காரர் மறுநாளும் நேரத்துக்கு வங்கிக்குப் போனார்.

கொட்டகையில் கரடிகள் பெருகின. மீன் பிடித்த கரடி, நல்வரவுப் பலகை பிடித்த கரடி, இரண்டையும் பிடித்த கரடி. ஆபீஸில் இருந்தபோது ஒரே நாளில் ஒரே முகத்தை அவர் இரண்டு தடவை பார்த்ததில்லை. சுதந்திரம் கிடைத்த பிறகு ஒரே முகத்தைத்தான் வருஷம் முழுக்கச் செதுக்கினார்.

அப்புறம் ஒரு புயலில் பெரிய பைன் மரம் ஒன்று விழுந்தது. ஆர்விட் அதைக் கொட்டகைக்கு இழுத்து வந்து, கரடி ஆர்டர்களையெல்லாம் ஒதுக்கிவைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, குளிர்காலக் கோட்டு போட்ட ஒரு பெண் மரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள். பாரத்தை ஒரு காலில் போட்டு, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். தலை மட்டும் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஏரிக்கரை ஹோட்டல் முதலாளி லைல் கஸ்டாட் வந்து சேர்ந்தார். வரவேற்பறைக்கு ஆள் உயரக் கரடி வேண்டுமாம். மார்லிஸ் காபியோடு வந்தபோது அவர் மரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"வித்தியாசமா இருக்கே," என்றார். அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் திட்ட மாட்டார்கள். "தலை இன்னும் வைக்கல இல்ல? காதை மட்டும் வட்டமா வெச்சுட்டா கரடிதானே?"

"செய்யலாம்தான்... உங்களுக்கு அவசரமா வேணுமோ என்னவோ..."

"அவசரமே இல்ல. அடுத்த வாரம் போதும்!" லைல் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மார்லிஸ் காபியை வேகமாகக் கீழே வைத்தாள். "முடியாதுன்னு ஒரு வார்த்தை வாயில வராதா உனக்கு?"

"ஆசையா கேட்டாரு."

"நீயும்தான் ஆசைப்பட்ட! இதுக்காகத்தானே நான் உருளைக்கிழங்கு மசிக்கிறேன்? கரடிக்காகன்னு நினைச்சியா?"

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. ஆர்விட் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாரம் முழுக்க ரம்பச் சத்தம் குறைவாகவும் உளிச் சத்தம் அதிகமாகவும் கேட்டது.

ஹோட்டலில் போர்வையை எடுத்தபோதுதான் மார்லிஸே பார்த்தாள். தலை கரடித் தலைதான், காது வட்டம்தான். ஆனால் அந்தக் கால் அப்படியே இருந்தது, கைப்பையும் இருந்தது. தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. தன் முறை எப்போது வரும் என்று கேட்கவும் கூச்சப்படுகிற ஒருத்தியின் கண்கள் அதற்கு.

லைல் அதை வெகுநேரம் பார்த்தார். பணியாட்களும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"இது... எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு, இல்ல?"

"ஆமா," என்றார் ஆர்விட். காது சிவந்துவிட்டது.

"எதுக்கு?"

"தெரியல லைல். வரிசையில நின்னவங்க யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

"மோசமில்ல," என்றார் லைல். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆர்விட் வண்டியை எப்போதும் இல்லாத வேகத்தில் ஓட்டினார், மார்லிஸும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செதுக்கியதெல்லாம் பழைய கரடிகள்தான், கடைசி வரை. கேட்டால், ஒன்று போதும் என்றுதானே சொன்னேன் என்பார்.

ஹோட்டலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெட்டியோடு கரடிக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறார்கள். கவுண்டரில் இருக்கும் பெண் எழுந்து வந்து கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. இடத்தை மாற்றச் சொல்லி எத்தனை பேர் சொல்லியும் லைல் மாற்றவில்லை. ஆர்விட் போய்ச்சேர்ந்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் மீன் சாப்பிட வரும்போது, மார்லிஸும் கோட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அங்கே நிற்பாள்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் அவளிடம் வந்தாள். "மேடம், இது வரிசை இல்ல. நீங்க இப்படி வரலாம்."

"இருக்கட்டும்மா," என்றாள் மார்லிஸ். "இவங்களுக்கு முதல்ல ஆகட்டும்."