ஓடாத புளோயரின் பேரிங்

ஆம்பூரைத் தாண்டி இருக்கும் எங்கள் தோல் தொழிற்சாலையில், கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊத இரண்டு புளோயர்கள் உண்டு. ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று இரவு பகலாக ஓடும். இன்னொன்று புது பேரிங் போட்டு, அவசரத்துக்கென்று சும்மா நிற்கும். பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. பெயர் ஷர்மிளா. வாய்க்கொழுப்பு ஜாஸ்தி என்பார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஃபிட்டர் பிரேம்நாத் வந்து, நிற்கிற புளோயருக்கும் வாராவாரம் கிரீஸ் வைத்து அதன் சுழலும் தண்டான ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட வேண்டும் என்றார். பக்கத்து மிஷின் ஓடும்போது இதுவும் நின்ற இடத்திலேயே அதிர்கிறதாம். “வேலை செய்யாதவனுக்கு எதுக்கு பிரேம்ணா சாப்பாடு?” என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கிரீஸ் அட்டவணையிலிருந்து அந்த வரியை அடித்ததும் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை ஓடுகிற புளோயரின் மோட்டார் புகைந்துவிட்டது. நின்றதைப் போட்டோம். கல்லை அரைப்பது போல் சத்தம். பத்து நிமிடத்தில் கொதித்துவிட்டது, நிறுத்தினோம். காற்றில்லாமல் தொட்டி நாறத் தொடங்கியது. முதலாளி நயீம் அகமது வந்து, புது பேரிங் எப்படி இப்படிக் கத்தும் என்று கேட்டார். புதியதை விற்றுவிட்டுப் பழசை மாட்டியிருப்பார்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். மாட்டியவர் பிரேம்நாத். அன்று மாலை ஷிஃப்ட் விடும்போது வாட்ச்மேன் கேட்டில் வைத்து அவர் பையைத் தரையில் கொட்டிச் சோதித்தார். டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பேரிங்கைக் கழற்றினேன். கிரீஸ் துருப்பொடி கலந்து செங்கல் நிறத்தில் இருந்தது. டீசலில் கழுவிப் பார்த்தேன். வேறெங்காவது ஓடித் தேய்ந்த பேரிங் என்றால் வளையம் முழுக்கத் தேய்ந்திருக்கும். இதில் வளையத்துக்குள் சுழலும் இரும்பு உருளைகள் உட்கார்ந்திருந்த இடங்களில் மட்டும், சம இடைவெளியில், கோடு கோடாகப் பள்ளம். நடுவிலெல்லாம் புதுப் பளபளப்பு. ஆறு மாத அதிர்வில் உருளைக்கு அடியிலிருந்த கிரீஸ் விலகி, இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. புது கிரீஸ் வைத்து, உருளைகளை இடம் மாற்றியிருந்தால் பேரிங் பிழைத்திருக்கும். அதைத்தான் அந்த மனிதர் அன்றைக்கே சொன்னார்.

பேரிங்கோடு முதலாளியிடம் போய், பிரேம்நாத் எதையும் எடுக்கவில்லை, கிரீஸ் வேண்டாம் என்றது நான் என்று சொன்னேன். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த ஆள வரச் சொல்லுமா” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பிரேம்நாத் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

“வேலைக்கு வர்றேன் மேடம். ஆனா இங்க வந்து மன்னிப்பு கேட்டு இன்னா ஆவப்போவுது? பைய கொட்டுனது கேட்டுல. நூறு பேரு பாத்தாங்க.”

அன்று மாலை பிரேம்நாத்தையும் வரச் சொல்லிவிட்டு, ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டில் நின்றேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் வந்தார்கள். வாட்ச்மேனிடம் கேட்டை மூடச் சொன்னேன்.

“பிரேம்நாத் திருடல. பேரிங் கெட்டது என்னால. அவரு சொன்னத நான் கேக்கல. அவரு மேல பழி போட்டதும் நான்தான்.”

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

கேட்டுக்கு வெளியே நின்றிருந்த பிரேம்நாத்தான் பேசினார்.

“போதும் மேடம். கேட்ட தொறக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு பஸ்ஸு போய்டும்.”