பூதத்தின் காலடி

பூதம் நடந்து வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஹெட்போனில் கேட்டபோது ஒவ்வோர் அடிக்கும் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அதையே போனில் ஏற்றி நாத்தனார் கையில் கொடுத்தால், திரையில் மலை போன்ற உருவம் காட்டைக் கடந்து வருகிறது, காதில் ஒன்றுமில்லை.

"அண்ணி, உங்க பூதம் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துட்டு வருது போல," என்றாள் அவள்.

மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி, நாற்காலி மேல் ஏறி நின்று பலகைத் தரையில் போட்டுப் பதிவு செய்த சத்தம் அது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சுருதி இறங்கி மெத்தை பாறையாகிவிடும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பகலில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை, மாலையில் ஒலியமைப்பு கற்கும் இணைய வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, மொபைல் விளையாட்டு செய்யும் சிறிய நிறுவனம் ஒன்று இந்தக் காட்சியைச் சோதனையாகக் கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒலி அமைத்து அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் வேலை. இல்லையென்றால் மைக்கைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிடுவதாக நானே சொல்லியிருந்தேன். அவர்களும் போனில்தான் கேட்பார்கள்.

காரணம் ஒருவழியாகப் பிடிபட்டது. தாழ்ந்த சத்தம் கேட்க வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். பெரிய மேளம் பெரிதாக இருப்பது அதனால்தான். போனில் இருக்கும் ஸ்பீக்கரோ சுண்டுவிரல் நகம் அளவு. நகத்தால் விசிறித் திரைச்சீலையை ஆட்ட முடியுமா? ஒலியைக் கூட்டினேன், பூதத்துக்குத் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. சுருதியை ஏற்றினேன், கேட்டது.

"இப்ப கோழி நடக்குது," என்றாள் நாத்தனார்.

கனமாகவும் இருக்க வேண்டும், நகமளவு ஸ்பீக்கரில் ஒலிக்கவும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் வியாழக்கிழமை மாலை வரை விழித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் மரச்சாமான் கிடங்கில் பீரோக்களும் கட்டில்களும் ஏற்றி இறக்குபவர். ஆளும் ஏறக்குறைய ஒரு பீரோதான். நாத்தனார் அவரை "லாரி" என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் இருப்பது மாடி வீடு, தரை பழைய பலகை. மைக் வந்த புதிதில் ஒருநாள், "கொஞ்சம் மெதுவா நடங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து வாசலிலேயே ஷூவைக் கழற்றி, நுனிக்காலில்தான் உள்ளே வருவார். அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசக் கூடாதென்று கிடங்கிலிருந்து அட்டைத் துண்டுகள் கொண்டுவந்து இடையிடையே செருகியிருந்தார். சவரம் செய்யும்போது விசிலடிப்பவர் அதையும் நிறுத்தியிருந்தார். வீட்டில் என் வேலைக்கு வசதியான அமைதி இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த வியாழக்கிழமை மாலை கடைசி முயற்சியாக மெத்தையை மறுபடி போட்டுப் பார்க்கலாமென்று மைக்கைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன். என் முதுகு கதவுப் பக்கம். கதவு திறந்த சத்தம் இல்லை. காலடிச் சத்தம் இல்லை. "கிணிங்" என்று மட்டும் ஒன்று கேட்டது. சற்று விட்டு இன்னொன்று, கொஞ்சம் கிட்டத்தில், கூடவே அலமாரிக் கதவின் மெல்லிய நடுக்கம்.

அவர் வந்துவிட்டார் என்று தெரிந்தது. எங்கே நிற்கிறார், எவ்வளவு கனமானவர், எவ்வளவு அலுத்துப்போய் வந்திருக்கிறார், எல்லாமே தெரிந்தது. காலைக் கேட்கவில்லை, கால் அசைத்த பொருள்களைத்தான் கேட்டேன்.

திரும்பினேன். ஒரு காலைத் தூக்கியபடி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"கெடுத்துட்டேனா?"

"அட்டை எங்க?"

"தம்ளரெல்லாம் கழுவி வெச்சேன் அண்ணி," என்று உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "அட்டை ஈரமாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

"ஏங்க, ஷூவ மாட்டிட்டு நடங்க. நல்லா அழுத்தி."

"நெஜமாவா?" அவர் என்னையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் திட்டக் கூடாது."

முதல் இரண்டடி கூச்சத்தோடுதான் வைத்தார். மூன்றாவதில் தம்ளர்கள் கலகலத்தன. ஐந்தாவதில் ஸ்பூன் டப்பாவும் சேர்ந்துகொண்டது.

"லாரி ரிவர்ஸ் எடுக்குது, கீழ் வீட்டுக்காரங்க பத்திரம்!" என்றாள் நாத்தனார்.

அவர் நடந்துகொண்டே இருந்தார். போதும் என்று நான் சொல்லவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பும்போது, தன்னையறியாமல் விசிலடிக்கத் தொடங்கியிருந்தார். அந்தப் பகுதி விளையாட்டுக்கு உதவாது. வெட்டித் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து செய்தது இவ்வளவுதான். ஹெட்போனில் கேட்பவர்களுக்காக மெத்தைச் சத்தத்தை அடியில் அப்படியே விட்டேன். அதன் மேல், கால் பதிந்து ஒரு கணம் கழித்து, நகமளவு ஸ்பீக்கரிலும் கேட்கும் தம்ளர்களின் அதிர்வை வைத்தேன். பூதம் தொலைவில் இருக்கும்போது ஒரு தம்ளர். நெருங்க நெருங்க இரண்டு, மூன்று, ஸ்பூன்கள், அலமாரிக் கதவு. காட்டுக்குள் தம்ளர் ஏது என்பதால், பாதியைச் சரளைக்கல்லும் காய்ந்த சுள்ளியுமாக மாற்றினேன்.

போனில் போட்டுக் கொடுத்தேன். நாத்தனார் திரையைப் பார்த்தபடியே, தரையில் இருந்த கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.