இடது கட்டைவிரல்

அவன் கைகளில் இடது கட்டைவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது. மற்ற விரல்களில் பைக் பட்டறையின் கிரீஸ் நகக்கண் வரை ஏறிக் கறுத்திருக்க, அந்த ஒன்றை மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான். பெயின்ட் காயாத கதவைப்போல அதை எதிலும் படவிடாமல் விலக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பக்கத்தில் நின்றான். அவள் பார்த்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. வலி வரும்போது வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்வாள். அது போனதும் தையல் கம்பெனியில் சட்டைக் காலரை விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பிப்பாள்.

காப்பீட்டுக் கவுன்டருக்கு எதிரே டாக்டரின் அறை. கதவில் பலகை: பொது அறுவை சிகிச்சை, செவ்வாய், வெள்ளி, காலை மட்டும். பித்தப்பையில் கல் என்று சொன்னவர் அவர்தான். "கார்டோட வாங்கம்மா, தேதி குடுத்துடறேன். கார்டு இல்லாம பண்ணினா வீட்டை வித்தாலும் போதாது" என்றவர், "வீடு இருக்கா?" என்றும் கேட்டார். சிரிக்க வைக்கத்தான் கேட்டார். அவள், "வாடகைங்க" என்றாள். தள்ளிப்போட்டால் பை உள்ளேயே உடைந்துவிடலாம் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னார்.

கார்டுக்குக் குடும்பத் தலைவர் வந்தாக வேண்டும். போன தடவை கவுன்டர் பெண், "வீட்டுக்காரர் எங்கக்கா?" என்று கேட்டபோது, வெளியூரில் வேலை என்றாள். எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் அவன் இதே ஊரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், இன்னொருத்தி வீட்டில் இருந்தான். "அப்ப லீவு போட்டு வரச் சொல்லுங்க. தலைவர் விரல் வைக்காம மெஷின் குடும்பத்தையே திறக்காது" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். கொழுந்தனிடம் சொல்லி அனுப்பினாள். வருவான் என்று நம்பவும் இல்லை, வரமாட்டான் என்று பயப்படவும் இல்லை. வந்துவிட்டான். வந்ததும் பழைய பழக்கத்தில் அவள் கையிலிருந்த ஸ்கேன் கவரை வாங்கிக்கொண்டான்.

"அட, அண்ணன் எப்ப வந்தாரு?" பின்னாலிருந்து ஒரு குரல். கம்பெனியில் அவளுக்கு அடுத்த மெஷினில் பொத்தான் வைக்கிறவள்; எல்லோருக்கும் பொத்தானக்கா. "சம்சாரம் படுத்தாத்தான் வெளியூர்லேர்ந்து பஸ் கிடைக்குமாக்கும்?"

"காலையிலதாங்க வந்தேன்" என்றான் அவன். பொய் அவனுக்கு எவ்வளவு சுலபமாக வரும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முறை வந்தது. கவுன்டர் பெண் விரல் வைக்கும் கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்து அவன் பக்கம் நகர்த்தினாள். "வைங்கண்ணே."

அவன் இடது கட்டைவிரலை வைத்தான். சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை. மறுபடியும் சிவப்பு. அந்தப் பெண் திரையைப் படித்துவிட்டு அவனைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"அண்ணே, நீங்க ஏற்கெனவே ஒரு குடும்பத்துக்குத் தலைவரா இருக்கீங்க."

"அது வலது கைம்மா" என்றான் அவன். "அங்க வலது கட்டைவிரலைத்தான் வச்சேன். இடதை இவளுக்குன்னு வச்சிருந்தேன்."

"மெஷினுக்குப் பத்து விரலும் ஒரே ஆளுதாண்ணே."

வரிசையில் யாரோ, "கல்யாண போட்டோவுக்கே இவ்வளவு நேரம் ஆகாதுப்பா" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அழுகை வரவேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்துப் பார்த்தாள். வரவில்லை. அந்த விரலில் நகத்தோரம் தோல் உரிந்து சிவந்திருந்தது மட்டும் கண்ணில் பட்டது. அவ்வளவு தேய்த்திருக்கிறான்.

"அங்கேர்ந்து இவரை எடுத்து உங்களோட சேர்க்கலாம்க்கா" என்றாள் கவுன்டர் பெண். "ஆனா அந்தக் கார்டு இன்னிக்கே செல்லாமப் போயிடும்."

"அங்க யார் யாரு?" அவள் அவனைக் கேட்டாள். காலையிலிருந்து அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"பையன் ஒருத்தன். மூச்சு இளைப்பு. மருந்தெல்லாம் அந்தக் கார்டுலதான்..." மேலே சொல்லாமல் விரலைப் பார்த்துக்கொண்டான். பையன் இருப்பதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. கொழுந்தன்கூட.

"வேற வழி இருக்கா?"

"நீங்களே தலைவியாப் பதியலாம். ஆனா காரணம் கேக்கும். ரெண்டே காரணம்தான் இருக்கு. புருஷன் செத்துட்டாரு, இல்லன்னா விட்டுட்டுப் போயிட்டாரு. எதை அமுக்கட்டும்?"

"எது சீக்கிரம் முடியும்?"

"செத்ததுக்கு சர்டிபிகேட் வேணும். போனதுக்கு நீங்க வாயால சொன்னாப் போதும்."

பொத்தானக்காவின் மூச்சு தோளுக்குப் பின்னால் கேட்டது. நாளைக்கு மதியத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். எதிரே டாக்டர் அறைக் கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தார். அடுத்தவர் உள்ளே போனார்.

"விட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள். ஸ்கேன் கவரை அணைத்துப் பிடித்தபடி அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

அவள் விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. கார்டு சூடாக வந்தது. பொத்தானக்கா தன் முறை வந்தபோது முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கவுன்டரை மட்டுமே பார்த்தாள். கார்டு சூடாக வந்தது. கார்டின் சூடு ஆறுவதற்குள் டாக்டர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். கார்டைத் திருப்பிப் பார்த்தார், கவரைக் கேட்டார். அவள் வெளியே எட்டி அவனிடமிருந்து அதை வாங்கிக் கொடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை என்று எழுதினார்.

"ராத்திரி ஆஸ்பத்திரில கூட ஒருத்தர் தங்கணும்மா. யாரு இருப்பா?"

கதவு பாதி திறந்திருந்தது. பலகைக்குக் கீழே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கைகள் இரண்டும் முழங்காலில் கவிழ்ந்திருக்க, இடது கட்டைவிரலை மட்டும் இன்னமும் எதிலும் படாமல் தனியே தூக்கிப் பிடித்திருந்தான்.