கமிட்டிக்குச் சொன்ன பதில்

எங்கள் கல்லூரிச் செயலாளர் தங்கராஜுக்கு முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தால், தொழிலாளிகள் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே ஒப்பிக்க வைத்துவிடுவார். என் பாடத்தைப் பார்வையிடப் பல்கலைக்கழகக் கமிட்டி வருகிறது என்றதும் அதே வேலையை என் வகுப்பிலும் ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் இந்துமதி. ஏற்றுமதி நிர்வாகம் நடத்துகிறேன். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான். போன வருடம் அசைன்மெண்ட் கேட்டேன். வகுப்பு முழுக்க ஏஐயிடம் வாங்கி அப்படியே நீட்டியது. எல்லாம் வழவழவென்று ஒரே பேச்சு. சீ என்றாகிவிட்டது. இந்த வருடம் அசைன்மெண்டையே தூக்கிப் போட்டேன். ஒவ்வொருவரும் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும், நான் குடைந்து குடைந்து கேட்பேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொன்னால் அதற்கும் மார்க் உண்டு. அந்த மெஷின் லேசில் தெரியாது என்று சொல்லிவிடாது!

முதலில் எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். தேறி வந்தவள் அபிராமிதான். தேனிப் பக்கத்துக் குடும்பம். அவள் அம்மா ஒச்சம்மாள் தங்கராஜின் கம்பெனியிலேயே செக்கிங் வேலை பார்க்கிறார். வாயே திறக்காத பெண், ஒரு நாள் "தெரியலை மேடம், கேட்டுட்டு வரட்டுமா?" என்று கிளம்பி, காதர்பேட்டை பனியன் வியாபாரிகளைத் துளைத்தெடுத்துவிட்டு வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த நிலையில்தான் தங்கராஜ் கேள்வியும் பதிலுமாக அச்சடித்த தாள்களை வகுப்பிலேயே கொண்டு வந்து நீட்டினார். பதில்கள் ஏஐ எழுதியவை.

"ஏனுங்க சார், மனப்பாடம் வேண்டாம்னுதானுங்களே இந்தப் பாடமே?"

"அதையேதானுங்க மேடம் அதுலயும் எழுதியிருக்குது. அதை நல்லா மனப்பாடம் பண்ணிச் சொல்லட்டுங்க. ஒருத்தர் வாயிலயும் தெரியலைங்கறது மட்டும் வரக் கூடாதுங்க. கமிட்டி இந்தப் பேச்சுப் பரீட்சை வேண்டாம்னுட்டா மறுபடி அசைன்மெண்ட்தான். அப்புறம் உங்களை வெச்சு நான் என்னங்க பண்றது?"

பணிவாகத்தான் சொன்னார். அந்தப் பணிவோடு எப்படிச் சண்டை போடுவது? முன் பெஞ்சில் அபிராமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தாள்களை வாங்கி வகுப்புக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கமிட்டி வந்தது. இரண்டு பேர் முந்திரி பக்கோடாவில் மும்முரமாக இருந்தார்கள். நிர்மலா என்ற பேராசிரியை மட்டும் அபிராமியைப் பார்த்துத் தாளில் இல்லாததைக் கேட்டார்.

"ஏம்மா, இந்த வகுப்புல பதில் தெரியாம நீ முழிச்சதே இல்லையா?"

சொல்லிவிடு அபிராமி, சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் பாடம் மொத்தமும் அந்த ஒரு பதிலில் இருந்தது. தங்கராஜ் கதவருகே நின்றார். அபிராமி என்னை ஒரு முறை பார்த்தாள்.

"இல்லை மேடம். எல்லாத்துக்கும் பதில் சொல்ற மாதிரி எங்களைத் தயார் பண்ணியிருக்காங்க."

"இப்படிச் சொல்லணும்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்லை மேடம். நானாத்தான் சொல்றேன்."

நிர்மலா என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா இந்துமதி?"

உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண் பொய்க்காரி ஆவாள். அவள் அம்மாவின் வேலை தங்கராஜின் கையில். என் வேலையும்தான், அதை மறைப்பானேன்.

"ஆமாங்க" என்றேன்.

பாடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த வருடம் எல்லாத் துறைக்கும் இதே முறை, இதே தாள்கள் என்று, கமிட்டி கிளம்பியதும் தங்கராஜ் வகுப்பிலேயே அறிவித்தார். "எல்லாம் மேடத்தோட ஐடியாங்க!" என்றதும் கைதட்டினார்கள்.

வராந்தாவில் அபிராமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பயந்துட்டீங்களா மேடம்? நேத்தே எங்கம்மா சொல்லிக் குடுத்துருச்சு. என்ன கேட்டாலும் கண்ணைப் பாத்து இல்லைனு சொல்லு, மேடம் வேலை தப்பிச்சிரும்னு. அடுத்த வருசம் என் தங்கச்சி உங்ககிட்டப் படிக்கணும்ல, நீங்க இல்லாம எப்படி?"

என்னிடம் படிக்க இனி என்ன இருக்கிறது?

"கட்டாயம் சேத்து விடு கண்ணு" என்றேன்.