பதினேழாம் எண் கம்ப்யூட்டர்

"தம்பி, அறுபது கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி இருக்கணும். ஆளுக்கொரு கோலம் வேண்டாம்" என்றார் மேலாளர்.

அலுவலகக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் எனக்கு அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். ஏதாவது ஒரு கம்ப்யூட்டரின் எண்ணைத் தட்டினால், அதன் அமைப்புகள் நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாவற்றுக்கும் போய்விடும். அனுப்பும் முன் கறுப்புத் திரையில் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்பது கம்ப்யூட்டரில் எழுத்தின் அளவு நூறு சதவீதம். பதினேழாம் எண்ணில் மட்டும் இருநூறு.

பதினேழு, கடிதப் பிரிவு அக்காவுடையது. மதியம் அவரிடம் போனேன்.

"கண்ணு சரியாத் தெரியலையா அக்கா?"

"மெதுவாப் பேசு. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார். உன் பெட்டி கோள் சொல்லுமா?"

"பெட்டி சொல்லாது. நான்தான் சொல்லுவேன்."

"சொல்லித் தொலை. உன் வாயைத் தைக்கலாம்னா, ஊசி கோக்கவும் எனக்குக் கண்ணு தெரியாது."

எனக்கு இரக்க குணம் குறைவு. ஆனால் எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து மற்றதை மாற்ற வேண்டும் என்று மேலாளர் சொல்லவில்லை. பதினேழு என்று தட்டி அனுப்பினேன்.

சாய்ந்த வெயிலில் திரைகள் ஒவ்வொன்றாக இமைத்தன. எழுத்துகள் தண்ணீரில் ஊறும் பயறுபோல மெல்லப் பருத்தன. எல்லோரும் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்காமல் படித்தார்கள்.

மேலாளர் அறையிலிருந்து கூப்பிட்டார்.

"என்னப்பா இது, கடை போர்டு மாதிரி?"

"அறுபதும் ஒண்ணுபோலதான் சார் இருக்கு."

யாரும் இல்லாதபோது மட்டும் அவர் போடும் கண்ணாடி, சட்டைப்பையிலேயே இருந்தது. அது இல்லாமலே கடைசி வரிவரை படித்தார்.

"சரி, இருக்கட்டும்."

வெளியே அக்கா நிமிரவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்.